பெயர் மறந்த பொருள்கள்: மறிச்சுக்கட்டிக் கரையின் பழைய மனைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு என்றவுடன் மன்னர்களின் பெயர்களும் போர்களின் ஆண்டுகளும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. கல்வெட்டும் செப்பேடும் வெளிநாட்டார் குறிப்புகளுமே வரலாற்று மூலங்கள் என்று நாம் பயிற்றப்பட்டுள்ளோம். ஆயின் எழுதும் வாய்ப்புப் பெறாத பெரும்பான்மை மக்கள் தம் வாழ்க்கையைப் பதித்துவைத்த இடம் அவர்தம் மனையே. சுவரில் ஒரு துளை, உத்திரத்தில் ஓர் இரும்புக் கொக்கி, வாசற்கல்லில் ஒரு குழி, முற்றத்து மூலையில் துளையிட்ட ஒரு கல் ஆகியன இன்று காண்போர்க்கு விளங்காப் புதிர்களாகத் தோன்றக்கூடும். ஒரு காலத்தில் அவற்றுள் ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது, பயன் இருந்தது, அதனைச் செய்த கைவினைஞனும் அதனோடு உழைத்த மனிதரும் இருந்தனர். பயன் ஒழிந்தபின் பெயர் மறக்கப்படுகின்றது. பெயர் மறந்தபின் பொருள் குப்பையாகின்றது. இத்தகைய பொருள்களை மீண்டும் இனங்காணுதல் எவ்வாறு என்பதையும், மன்னார் மாவட்டத்தின் தென்கரையில் உள்ள மறிச்சுக்கட்டி போன்ற ஊர்களில் அம்முயற்சி ஏன் வெறும் பொழுதுபோக்கு ஆகாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடமும் காலமும்

மறிச்சுக்கட்டி, முசலிப் பிரிவில், புத்தளத்திலிருந்து வில்பத்து வனத்தினூடாக மன்னாருக்குச் செல்லும் பழைய பாதையில் அமைந்த ஊர். அதற்கு வடக்கே சிலாவத்துறையும் அரிப்பும், தெற்கே குதிரைமலை முனையும் உள்ளன. இக்கரைக்கு எதிரே கடலுள் அமைந்தவையே பெரிய பார், செவ்வல் பார், மோதரகம் பார் முதலான புகழ்பெற்ற முத்துச்சிப்பிப் பார்கள். அரிப்பில் போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் வைத்திருந்த சிறு கோட்டை ஒன்று உண்டு. கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1679ஆம் ஆண்டில் தப்பிவந்து அடைந்தது அக்கோட்டையையே.

முத்து விளைந்த ஆண்டுகளில் இக்கரை நகரமாயிற்று. விளையாத ஆண்டுகளில் மணல்வெளியாயிற்று. 1905ஆம் ஆண்டின் முத்துக்குளிப்பு மறிச்சுக்கட்டியில் நடைபெற்றபோது 318 தோணிகள் கடலுக்குச் சென்றன. எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரையேற்றப்பட்டன. அரசு பெற்ற வருவாய் 25 இலட்சம் ரூபாவைக் கடந்தது. தென்னிந்தியக் கரையிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் சுழியோடிகளும் வணிகரும் பல்லாயிரவராய் வந்து கூடினர். அவர்களுக்காகக் கம்பும் கிடுகும் கொண்டு தெருத்தெருவாகக் கொட்டில்கள் எழுந்தன. சில வாரங்களில் அவை கலைந்தன. மறு ஆண்டே, 1906இல், முத்துப்பார்கள் ஆங்கிலக் கம்பனி ஒன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. ஆயினும் 1907க்குப் பின் எதிர்பார்த்த விளைவு கிட்டாமையால் அக்கம்பனி நிலைக்கவில்லை.

ஓலையும் கம்பும் மண்ணும் கொண்டு கட்டப்பட்ட வாழிடம் ஒரு தலைமுறைக்குள் மண்ணோடு மண்ணாகிவிடும். எஞ்சுவன இரும்பும் கல்லும் சுட்ட செங்கல்லும் சுண்ணச்சாந்துமே. எனவே இத்தகைய கரையோரத்தில் பழைய மனையைப் பற்றி அறிய விழைவோன், வீட்டை அன்று, வீட்டில் பொருத்தப்பட்டிருந்தவற்றையே முதலில் கற்க வேண்டியவனாகின்றான்.

ஒரு முழு மனையே பெயர் மாறிய கதை

பொருள் ஒன்று பெயர் மறப்பதற்கு நெடுங்காலம் வேண்டுவதில்லை என்பதற்கு அரிப்பிலேயே சான்று உண்டு. கடலோரச் செம்மண் மேட்டில், அலை அரித்துத் தின்ற நிலையில், இடிந்த மாளிகை ஒன்று நிற்கின்றது. அதனை ஊரார் ‘அல்லி ராணிக் கோட்டை’ என வழங்குவர். ஆனால் அது கோட்டையும் அன்று; அல்லியின் காலத்ததும் அன்று. இலங்கையின் முதலாவது ஆங்கிலத் தேசாதிபதியான பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வையிடத் தாம் தங்குவதற்கென 19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கட்டுவித்த வாசஸ்தலமே அது. ஆங்கிலேயர் அதனை ‘டோரிக்’ என்றனர். கிரேக்கரின் டோரிக் பாணித் தூண்கள் அப்பெயருக்குக் காரணமாயின.

இவ்வுண்மையை நிறுவுவன இரண்டு. ஒன்று எழுத்துச் சான்று: அக்காலத்தில் இலங்கையில் வாழ்ந்த ஜேம்ஸ் கோடினர் என்னும் பாதிரியார் 1807இல் வெளியிட்ட நூலில் இம்மாளிகையை வருணித்துள்ளார். மற்றையது பொருட் சான்று: தரங்குறைந்த செங்கல்லின்மேல், சிப்பியைச் சுட்டெடுத்த சிறந்த சுண்ணச்சாந்து பூசப்பட்டிருந்தது என்று அவர் கூறும் குறிப்புக்கு இடிபாடே இன்றளவும் சாட்சியாக நிற்கின்றது. எழுத்தும் பொருளும் ஒன்றையொன்று உறுதிசெய்யும்போதே இனங்காணல் நிறைவெய்தும்.

எனினும், ஊர்வழக்கைப் பிழையென ஒதுக்கிவிடுதல் வரலாற்று மாணவனுக்கு அழகன்று. முத்துக்கரையை ஆண்ட அரசி ஒருத்தியைப் பற்றிய கதை குதிரைமலையைச் சுற்றி நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளது. இரு நூற்றாண்டுகளுக்கு முந்திய தேசாதிபதியை மறந்த மக்கள், அதனினும் தொன்மையான அரசியை நினைவில் வைத்திருந்தனர். கட்டடம் எவர் கட்டியது என்னும் வினாவுக்கு இக்கதை விடையாகாது. மக்கள் எதனைத் தமதென நினைந்தனர் என்னும் வினாவுக்கு அதுவே விடையாகும்.

கொக்கிகள் கூறும் செய்தி

பழைய வீடுகளில் இளையோரை மிகுதியும் மயக்குவன உத்திரத்திலும் கூரைமரத்திலும் அறையப்பட்ட இரும்புக் கொக்கிகளும் வளையங்களுமாம். எல்லாம் ஒரே வடிவின. ஆயின் ஒரே பயனின அல்ல. இங்கு வடிவத்தை நோக்குவோன் ஏமாறுவான்; எண்ணிக்கையையும் இடத்தையும் தேய்மானத்தையும் நோக்குவோனே உண்மை காண்பான்.

தடித்த உத்திரத்தில், ஒரு பலகையின் நீளத்துக்கு ஏற்ற இடைவெளியில் இணையாக அமைந்த கொக்கிகள் ஊஞ்சலுக்குரியன. அவற்றின் வளைவின் உட்புறம் சங்கிலி ஆடி ஆடித் தேய்ந்து மெலிந்திருக்கும். உள்ளறையில் தனித்து நிற்கும் கொக்கி தொட்டிலுக்கு உரியதாதல் கூடும். அதன் தேய்மானம் சிறிது, துணியும் கயிறுமே அதனைத் தொட்டமையால். அடுக்களையில் உள்ள தனிக்கொக்கியில் புகைக்கரி படிந்து நெய்ப்பசை ஏறியிருப்பின், அது உறி தூக்கிய கொக்கி. பாலும் மீனும் பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் தொங்கிய இடம் அது. நடுக்கூடத்தில் உள்ள கொக்கி தேயாமல் இருந்து, அதற்கு நேர்மேலே உள்ள பலகை மட்டும் கறுத்திருக்குமாயின் அது தூக்குவிளக்கின் கொக்கி. நான்கும் ஒரே கொல்லன் பட்டறையில் ஒரே நாளில் அடிக்கப்பட்டிருக்கலாம். வாழ்க்கையே அவற்றை வேறுபடுத்தியது.

இவற்றுக்கெல்லாம் வேறானது ஐந்தாவது வகை. கூடத்தின் நெடுக்கில், ஒரே நேர்கோட்டில் மூன்றோ நான்கோ வளையங்கள் வரிசையாக அமைந்திருக்கும். அவ்வரிசைக்குக் குறுக்காக உள்ள சுவரில், ஆள் எட்டாத உயரத்தில், சிறு துளை ஒன்று இருக்கும். அத்துளையின் கீழ்விளிம்பு கயிறு உராய்ந்து வழவழப்பாகியிருக்கும். சில இடங்களில் சிறு கப்பி ஒன்றும் எஞ்சியிருக்கும். வளையமும் துளையும் தனித்தனியே நோக்குமிடத்துப் பொருளற்றவை; சேர்த்து நோக்குமிடத்து அவை பங்காவின் உறுப்புகள். மரச்சட்டத்தில் துணி தைத்து, கூரையிலிருந்து தொங்கவிட்டு, கயிற்றால் இழுத்து அசைக்கப்பட்ட பெருவிசிறியே பங்கா. மின்விசிறி வருவதற்கு முன், ஆங்கில அதிகாரிகளின் வாசஸ்தலங்களிலும் நீதிமன்றங்களிலும் செல்வர் இல்லங்களிலும் அது ஆடியது.

சுவரில் ஏன் துளை? காற்று வாங்குபவர் கூடத்தில் அமர்ந்திருந்தார். கயிறு இழுப்பவர் வெளி விறாந்தையில் அமர்ந்திருந்தார். இருவருக்குமிடையே சுவர் நின்றது. கயிறு மட்டும் சுவரைக் கடந்தது. ஒருவருடைய குளிர்ச்சி மற்றொருவருடைய வியர்வையால் வந்தது என்பதையும், அவ்வியர்வை கண்ணிற்படாமல் இருக்கவே வீடு திட்டமிடப்பட்டது என்பதையும் அச்சிறு துளை நமக்கு அறிவிக்கின்றது. பங்கா இழுத்தவரின் பெயரை எந்தப் பதிவேட்டிலும் காண்டல் அரிது. அவர் விட்டுச்சென்ற கையெழுத்து, சுவர்த் துளையின் வழவழப்பான விளிம்பே.

கதவும் வாசலும்

அடுத்து நோக்கத்தக்கது கதவின் நிலை. கடைகளில் விற்கும் இரும்புப் பிணைச்சல் பரவுவதற்கு முன், கதவுப்பலகையின் மேலும் கீழும் முளை ஒன்று விடப்பட்டிருக்கும். அதற்குக் குடுமி என்பது பெயர். மேற்குடுமி நிலையின் மேற்சட்டத்திலும், கீழ்க்குடுமி வாசற்கல்லிலும் உள்ள குழிகளில் பொருந்திச் சுழலும். கதவு மரம் கறையானுக்கு இரையாகி, நிலையும் வீழ்ந்தபின், ஓரத்தில் சிறு குழியுள்ள கல் மட்டும் கிடக்கும். அதனை உரல் என்பாரும் உளர். பல்லாங்குழி என்பாரும் உளர். உரற்குழி கல்லின் நடுவே அகன்றும் ஆழ்ந்தும் அமையும். பல்லாங்குழி இரு வரிசையாக, வரிசைக்கு ஏழாக, பதினான்கு குழிகள் கொண்டது. குடுமிக்குழியோ கல்லின் ஓரத்தில் தனித்தோ இரட்டைக் கதவாயின் இரு முனைகளிலுமோ இருக்கும். அதன் உட்சுவரில் வட்டம் வட்டமாகத் தேய்ந்த தடம் காணப்படும். அவ்வட்டத் தடமே ஐயத்தை நீக்கும் சான்று.

நிலையின் இருமருங்கும் சுவரினுள்ளே காணப்படும் சதுரத் துளைகள் மற்றொரு புதிர். ஒருபுறத் துளை ஒரு முழம் அல்லது அதற்கும் மேல் ஆழ்ந்திருக்க, எதிர்ப்புறத் துளை நான்கு விரல் ஆழமே இருக்கும். இவை கணையமரம் ஓடிய துளைகள். பகலில் மரம் முழுவதும் ஆழ்ந்த துளையினுள் உறங்கும். இரவில் அதனை வெளியே இழுத்து எதிர்த்துளையில் செருகிவிடின், கதவு வெளியிலிருந்து எவராலும் திறக்க இயலாததாகும். கணையம், எழு என்னும் சொற்கள் பழந்தமிழில் கோட்டைக் கதவின் குறுக்கு மரத்துக்கு வழங்கியவை. இவற்றைக் கொத்தனார் சாரம் கட்டிய துளைகளோடு மயங்குதல் கூடாது. சாரத்துளைகள் சுவர் முழுவதும் ஒரே உயரத்தில் ஒழுங்கான இடைவெளியில் வரும். கணையத்துளைகளோ வாசலை அடுத்து, எதிரெதிராக மட்டுமே வரும்.

சுவர் மாடங்களையும் இம்முறையாலேயே ஆராயலாம். உட்கூரை கறுத்து, அடியில் எண்ணெய் ஊறியிருப்பது விளக்கு மாடம். கரியோ எண்ணெயோ படியாது தூய்மையாக இருப்பது நூல் வைக்கவோ செம்பு வைக்கவோ பயன்பட்ட மாடம். முஸ்லிம் இல்லங்களில் திருக்குர்ஆன் உயரமான தூய இடத்தில் வைக்கப்படும் வழக்கத்தையும் இங்கு மனங்கொள்ளல் வேண்டும். ஒரே அளவான இரு மாடங்களை வேறுபடுத்துவது கரியின் இருப்பும் இன்மையுமே.

கடலிலிருந்து மனைக்கு வந்தவை

முத்துக்கரைக்குச் சிறப்பான பொருள்கள் சிலவும் உண்டு. குளிப்பு ஓய்ந்தபின் அதன் கருவிகள் பயன் மாறி மனையைச் சேரக்கூடியவை. அவற்றுள் முதன்மையானது சுழியோடியின் கல். 30 முதல் 50 இறாத்தல் வரை எடையுள்ள கருங்கல். அடி உருண்டு, மேல்முனை குறுகி, அம்முனையில் கயிறு கோக்கத் துளை உடையது. சுழியோடி அக்கயிற்றில் கால் வைத்து, கல்லின் எடையால் விரைந்து கடலடி சேர்வான். உடனே தோணியிலிருக்கும் துணையாள் கல்லை மேலே இழுத்துக்கொள்வான். இத்தகைய கல் முற்றத்தில் கிடக்கக் காண்போர் அதனை நங்கூரக்கல் என்றோ துலாவின் பாரக்கல் என்றோ கருத இடமுண்டு. ஆனால் நம் வடபகுதிப் பெருந்துலாக்கள் பாரக்கல்லை நம்பியவை அல்ல. துலாவின்மேல் ஆள் நடந்து மிதித்தே நீர் இறைக்கப்பட்டது. நங்கூரக்கல் கரடுமுரடாகவே விடப்படும். சுழியோடியின் கல்லோ மனிதன் உடலோடு ஒட்டி இறங்குவதாகையால் வழவழப்பாக்கப்பட்டிருக்கும். மேலும், இவ்வடமேற்குக் கரையோரம் பெரும்பாலும் சுண்ணக்கற் பிரதேசமாகும். அங்கே செதுக்கிய கருங்கல் ஒன்று கிடப்பின், அது எங்கிருந்து, எவரால், எதற்காகக் கொணரப்பட்டது என்னும் வினா தானே எழும்.

நீண்ட மரத்தொட்டி ஒன்று காணப்படின், அதனை மாட்டுத் தொட்டி என்று உடனே முடிவுகட்டலாகாது. அழுகிய சிப்பிகளைக் கடல்நீர் பெய்து கழுவி முத்தைப் பிரித்தெடுக்க, ஒரே மரத்தில் குடைந்த வள்ளங்களே பயன்பட்டன. அவ்வாறே, நுண்ணிய துளைகள் ஒழுங்காக இடப்பட்ட பித்தளைத் தட்டு, அடுக்களைச் சல்லடையாக அன்றி, முத்துத் தரம் பிரித்த பத்துத் தட்டுகளுள் ஒன்றாக இருக்கலாம். அத்தட்டுகள் 20 முதல் 1000 வரையான எண்களால் வழங்கின. எண் பெருகப் பெருகத் துளை சிறுக்கும். ஆணிமுத்து முதல் தூள் வரை அனைத்தும் அத்துளைகளின் வழியே விலை பெற்றன.

சொல்லும் பொருளும் பிரிந்த காலம்

மேற்கூறிய முறைகள் அனைத்தும் கண்ணுக்குரியவை. அவற்றினும் எளிய முறை ஒன்று உண்டு: அவ்வீட்டில் வாழ்ந்த முதியோரைக் கேட்டல். பத்துப் பக்க ஆராய்ச்சி தருவதை ஒரு பாட்டியின் ஒரு சொல் தந்துவிடும். ஆனால் மறிச்சுக்கட்டிக் கரையில் அந்த எளிய முறைக்கே பெருந்தடை நேர்ந்தது.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாண முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். எழுபதினாயிரத்துக்குக் குறையாத மக்கள் தம் வீடுகளையும் நிலங்களையும் விட்டு நீங்கினர். எடுத்துச்செல்ல இயன்றவை மிகச் சில. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி உள்ளிட்ட முசலிப் பிரிவின் முஸ்லிம் ஊர்கள் வெறிச்சோடின. அவர்களுள் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அகதிகளாக வாழ்ந்தனர். அயலிலுள்ள முள்ளிக்குளத்துத் தமிழ்க் கத்தோலிக்க மக்களும் 2007ஆம் ஆண்டில் தம் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. அங்கே கடற்படைத் தளம் அமைந்தது. போர் 2009இல் முடிவுற்றபின் மீண்டு வந்தோர் கண்டது காடு மூடிய வளவுகளையும், கூரையிழந்த சுவர்களையும், தூர்ந்த கிணறுகளையுமே.

இருபது ஆண்டு என்பது ஒரு தலைமுறை. உறியும் கணையமரமும் கண்டு வளர்ந்தோர் புத்தளத்து முகாம்களில் முதுமை எய்தினர். சிலர் அங்கேயே மறைந்தனர். முகாமிற் பிறந்த பிள்ளைகள் அச்சொற்களைக் கேட்டிருக்கலாம், பொருள்களைக் கண்டதில்லை. பொருள்களோ ஊரிற் கிடந்தன. அவற்றின் பெயரறிந்தவர் அருகில் இல்லை. சொல் ஓரிடத்தும் பொருள் வேறோரிடத்தும் வாழ நேர்ந்த இந்தப் பிரிவே இக்கரையின் பழம்பொருள்களை ஏனைய இடத்தனவற்றிலிருந்து வேறுபடுத்துகின்றது. பிற ஊர்களில் நாகரிக மாற்றம் மெல்ல மெல்ல மறக்கச் செய்ததை, இங்கே இடப்பெயர்வு ஒரே அடியில் செய்துவிட்டது.

இதன் விளைவு அறிவுத்துறையோடு நின்றுவிடவில்லை. 2012ஆம் ஆண்டில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி என்னும் ஊர்ப் பெயர்களையே தாங்கிய காப்புக்காடு ஒன்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதன்பின், மீள்குடியேறுவோர் காட்டை அழிக்கின்றனர் என்று ஒரு சாராரும், காடு வளர்ந்தது தம் பழைய ஊரின்மேலேயே என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. அவ்வழக்கின் நியாயங்களை எடைபோடுதல் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆயினும் வரலாற்று மாணவன் கூறத்தக்கது ஒன்று உண்டு. காட்டினுள் ஒரு குடுமிக்குழிக் கல்லும், அதற்கு அண்மையில் ஒரு கிணறும், ஆடுகால் நட்ட இடமும் சேர்ந்து காணப்படின், அங்கே மனை ஒன்று இருந்தது என்பது உறுதி. அம்மனையின் எல்லை எது, உரிமையாளர் யார், எத்தனை ஏக்கர் என்பவற்றுக்கு அக்கல் சாட்சி கூறாது. சான்று கூறுவதை முழுமையாகக் கேட்பதும், அது கூறாததைக் கூறியதாகச் சாதியாமையும் ஆகிய இரண்டுமே நம் துறையின் அறமாகும். தனியே பெயர்த்தெடுத்துக் காட்சிப்பெட்டியில் வைத்த கல் அழகுப் பொருள். கிடந்த இடத்திலேயே அளந்து பதியப்பட்ட கல் வரலாற்றுச் சான்று.

நாம் செய்யத்தக்கது

1908ஆம் ஆண்டில் ஆனந்த குமாரசுவாமி வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூல், கண்டிப் பகுதியின் கைவினைகளை அவற்றின் உள்ளூர்ப் பெயர்களோடு பதிந்துவைத்தது. பெயரோடு பதிந்தமையாலேயே அவை இன்றும் பேசுகின்றன. அத்தகைய பதிவு நம் கரையோரத் தமிழ், முஸ்லிம் மனைகளுக்கும் வேண்டும். அதற்குப் பெருநிதி வேண்டுவதில்லை. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஓர் அளவுநாடாவும் குறிப்பேடும் கொண்டு, பொருளின் வடிவு, கிடந்த இடம், அதனோடு சேர்ந்திருந்தவை, தேய்மானம், முதியோர் கூறும் பெயர் என்னும் ஐந்தனையும் பதிந்து வருவாராயின், சில ஆண்டுகளில் நம்மிடம் ஓர் அகராதியே உருவாகும். முதியோர் கூறும் பெயர் ஊருக்கு ஊர் வேறுபடின், அவ்வேறுபாட்டையும் அவ்வாறே பதிதல் வேண்டும். எது சரி என்று தீர்ப்பளிக்க விரைதல் கூடாது.

இப்பணியில் இரும்புக்கும் கல்லுக்கும் அவசரமில்லை. அவை இன்னும் நூறாண்டு காத்திருக்கும். முதியோரின் நினைவு அவ்வாறு காத்திராது. 1990இல் முப்பது வயதினராய் இவ்வூர்களை விட்டு நீங்கியோர் இன்று அறுபதைக் கடந்துள்ளனர். அவர்களை அவர்தம் பழைய வளவுக்கு அழைத்துச்சென்று, புல்லை விலக்கி, வாசற்கல்லைக் காட்டி, ‘இதற்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள்?’ என்று கேட்க நமக்கு இன்னும் சிறிது காலமே எஞ்சியுள்ளது. அக்காலத்தை வீணாக்காதிருத்தல் நம் கடனாகும்.